பத்தொன்பதாவது ஓவரின் நாலாவது பந்து

கிரிக்கெட்டில் காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவனுக்கு ஆயுள் முழுக்கத் தடை போடுவது சரியா என்று போன சித்திரை வரைக்கும் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கேட்டவனையே மைதானத்தை விட்டு வெளியே தள்ளியிருப்பேன். அதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் தாமிரபரணி வட்டார லீக்குக்குச் சட்டம் எழுதியவனே நான்தான். பதினாலாவது விதி: 'ஆட்டத்தின் நேர்மையைத் தெரிந்தே கெடுத்தவர் எவராயினும் அவருக்கு ஆயுள் தடை.' அதை எழுதிய அன்று சிவசண்முகம் அண்ணாச்சி, "கொஞ்சம் கடுசா இருக்கே வே, அஞ்சு வருசம்னு போடுமே" என்றார். அவர்தான் லீக்கின் தலைவர். சேரன்மகாதேவியில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். கோப்பையும் மதியச் சாப்பாடும் அவர் செலவு. "அண்ணாச்சி, சோத்துல நஞ்சு வச்சவன அஞ்சு வருசம் கழிச்சுப் பந்திக்குக் கூப்பிடுவீரா?" என்று கேட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெயர் நேசையா, வயது அறுபத்திரண்டு, லீக்கின் செயலாளர், முப்பத்தோரு வருஷமாக அம்பயர்.

எங்கள் லீக்கில் ஒரு பழக்கம் உண்டு. யார் தொடங்கினார்களோ தெரியாது. அவுட் ஆனவனுக்குச் சந்தேகம் இருந்தால், அம்பயர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தரம் கேட்கலாம். அம்பயர் தான் கண்டதைச் சொல்வார். அதற்குமேல் மறுபேச்சு கிடையாது. மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட வேண்டும். டெலிவிஷனில் ஆடுகிறவர்களுக்கு மூன்றாவது அம்பயரும் நாலு திசையிலும் கேமராவும் இருக்கின்றன. எங்களுக்கு அம்பயரின் வாய்ச்சொல் ஒன்றுதான். அதை நம்பி இத்தனை வருஷம் ஒரு சண்டை இல்லாமல் லீக் ஓடியிருக்கிறது.

இந்த வருஷத்து இறுதி ஆட்டம் பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும். பாளையங்கோட்டை அணியில் வளன் ஆடினான். ஊர் உவரி, வயது இருபத்து நாலு, இடது கைப் பந்துவீச்சு. அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு நாள் பூரா வேண்டும். சில பையன்கள் ஓடி வந்தால் பின்னால் லோடு லாரி வருகிற சத்தம் கேட்கும். இவன் வந்தால் சத்தமே இருக்காது. பக்கத்தில் நிற்கிற எனக்கு அவன் மூச்சு மட்டும் கேட்கும். பந்து கையை விட்டுப் போகிற கணத்தில் அதுவும் நின்றுபோகும். அடேயப்பா! அம்பயர் எந்தப் பக்கமும் சாரக் கூடாது என்ற விதியை அவன் பந்து போடும்போது மனசுக்குள் எத்தனையோ முறை மீறியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, மீனை ஏலத்தில் இறக்கிவிட்டு, பஸ் ஏறிப் பயிற்சிக்கு வந்து நிற்பான். ஒரு நாள் பிந்தியதில்லை.

அவனுக்கு அடுத்த மாதம் சென்னையில் ரயில்வே அணிக்கான தேர்வு. எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு. இருபத்தைந்து வயசுக்குள் போனால்தான், பிறகு கிடையாது. லீக்கிலிருந்து ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்றார்கள். என் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

இறுதி ஆட்டத்தில் அவனுக்கு எதிரே மட்டை பிடித்தவர் அசன் முகம்மது. மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். முப்பத்தெட்டு வயது. அந்த அணிக்குத் தலைவராக ஐந்து முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து ஐந்து முறையும் தோற்றவர். "இதான் சார் கடைசி வருசம். முட்டி சொன்னபடி கேக்க மாட்டேங்கு" என்று டாஸ் போடும்போதே சொன்னார். கேட்காத முட்டியை வைத்துக்கொண்டு மனிதர் எண்பத்தேழு ரன் அடித்துவிட்டார். மிச்சம் ஒன்பது பந்து, ஒன்பது ரன். எல்லைக்கோட்டுக்கு வெளியே மேலப்பாளையத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

பத்தொன்பதாவது ஓவர், நாலாவது பந்து. நான் பந்துகளைப் புளியங்கொட்டை வைத்து எண்ணுகிறவன். ஆறு கொட்டை கால்சட்டையின் இடது பையில் இருக்கும். ஒரு பந்து முடிந்தால் ஒன்று வலது பைக்குப் போகும். எண்ணுவதற்கென்று சின்னக் கருவி கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. வேண்டாம் என்று வீம்பு. வலது பையில் ஓட்டை விழுந்திருக்கிறது, கழற்றிக் கொடுங்கள் தைத்துத் தருகிறேன் என்று என் மனைவி கிரேஸ் ரெண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வளன் ஓடி வரத் தொடங்கியபோது ஒரு கொட்டை அந்த ஓட்டை வழியாக இறங்கி, என் காலடியில் விழுந்து உருண்டது. குனிந்து அதைப் பார்த்தேன். ஒரே ஒரு நொடிதான். நிமிர்ந்தபோது பந்து காற்றில் இருந்தது. தரையில் விழுந்து, உள்ளே திரும்பி, அசனின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து நடு ஸ்டம்பைப் பெயர்த்துவிட்டது. அப்படி ஒரு பந்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அசன் பெயர்ந்த ஸ்டம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், கால் உள்ளதானா?" என்று கேட்டார்.

வளனின் கால் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, தாண்டி விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. தாண்டியிருந்தால் அது நோ-பால், அசன் அவுட்டே இல்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தோரு வருஷத்துக் கௌரவம் விடுமா? "உள்ளதான் வே. நல்லாப் பாத்தேன்" என்றேன். நல்லாப் பாத்தேன் என்று வேறு சேர்த்தேன், பாருங்கள்! அசன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகு மிச்சப் பேர் தடுமாறி, மேலப்பாளையம் நாலு ரன்னில் தோற்றது.

ஆட்டங்களை இப்போது யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம். ஒரே கேமரா, அம்பயருக்குப் பின்னால். கால் விழுகிற இடத்தை என் முதுகு மறைத்திருந்தது. அந்தப் பந்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். உவரியில் கோயில் பக்கம் வளன் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டினார்கள்.

பதினோராம் நாள் காலையில் வளன் என் வீட்டுக்கு வந்தான். ரயில்வே கடிதத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து எடுத்து வந்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"சார், அந்தப் பந்து நோ-பால்" என்றான்.

"எந்தப் பந்துலே?"

"அசன் அண்ணாச்சிய எடுத்த பந்து. வேணும்னேதான் கால தாண்டி வச்சேன். பத்தொம்பதாவது ஓவர் நாலாவது பந்து நோ-பால் போடணும்னு ஒருத்தன் போன்ல பேசி அட்வான்ஸ் அனுப்புனான். நம்ம ஆட்டத்தப் பாத்துக்கிட்டே எங்கயோ இருந்து பந்தயம் கட்டுதானுவ சார்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "வெளங்காத பயலே! உன்னையப் போயி தலையில தூக்கி வச்சு ஆடுனேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்! என்னலே கஷ்டம் ஒனக்கு?" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து கிரேஸ் ஓடி வந்தாள்.

அவன் தலையைக் குனியவில்லை. "கஷ்டம்லாம் இல்ல சார். அப்பாவுக்கு முடியல, தங்கச்சிக்குக் கல்யாணம்னு சொல்லலாம். சொன்னா அது பொய். பைக் வாங்கணும்னு ஆச. ஒரு ரன்னுதானேன்னு நெனச்சேன்."

"பொறவு?"

"நோ-பால்னு நீங்க கைய நீட்டல. விக்கெட்டு விழுந்துட்டு. நோ-பால் வரலன்னு அவன் போன் போட்டுக் கண்டபடி வஞ்சான். வாங்குனதத் திருப்பி அனுப்பிட்டேன். அவன் நம்பர எழுதிக் கொண்டாந்துருக்கேன்."

"திருப்பிக் குடுத்துட்டல்லா? ஒரு பயலுக்கும் தெரியாதுல்லா? பொறவு எதுக்குலே இங்கன வந்து நிக்க?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. பதினாலாவது விதியை எழுதியவன் கேட்கிற கேள்வியா அது!

வளன் சொன்னான்: "கடக்கரையில சின்னப் பிள்ளைய எல்லாம் அந்தப் பந்தத்தான் போட்டுப் பழகுதுவ சார். கால எங்கன வைக்கணும்னு என்கிட்ட வந்து கேக்குதுவ. நான் என்னத்தச் சொல்ல?"

அவன் போகத் திரும்பினான். வாசலில் நின்று, "கால் ஒரு சாண் தாண்டியிருந்து சார். நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். "சனிக்கெழம கமிட்டிக்கு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைதானத்து மாடி அறையில் கூடினோம். கமிட்டியில் மூன்று பேர்: சிவசண்முகம் அண்ணாச்சி, நான், மைதீன் பாத்திமா. பாத்திமா மேலப்பாளையத்தில் கணக்கு டீச்சர். லீக்கின் ஸ்கோர் புத்தகம் அவர் கையில் இருக்கிறது. ஒரு புள்ளி தவறாது. பாதிக்கப்பட்ட அணியின் தலைவர் என்று அசனையும் கூப்பிட்டிருந்தோம். வளன் சுவரோரம் நின்று, என்னிடம் சொன்ன அத்தனையையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் மறுபடி சொன்னான். பைக் ஆசையையும் விடவில்லை. அசன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "டீச்சர், புத்தகத்துல அந்தப் பந்துக்கு நோ-பால்னு இருக்கா?"

"இல்ல."

"கேமராவுல தெரியுதா?"

"நேசையா சார் முதுகுதான் தெரியுது."

"அம்பயரு உள்ளன்னு சொல்லிட்டாரு. பொறவு எங்க வே குத்தம்? நோ-பாலே இல்லன்னா காசு வாங்கி நோ-பால் போட்டான்னு எப்பிடிச் சொல்ல? இந்தப் பய ஏதோ வெயில்ல மண்ட கலங்கிப் பேசுதான். ஏலே, சவத்த விட்டுட்டு ரயில்வேக்குப் போய்ச் சேரு. ஊரு சிரிக்கும்படி பண்ணாத."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுதியளா அண்ணாச்சி?" என்றார் பாத்திமா.

"நான் எதையும் மறைக்கல தாயே. அம்பயரே இங்கன இருக்காரு. நேசையா, நீரு சொல்லும். கால் உள்ளதானே?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல். சொன்னால் வளனுக்கு வேலை நிச்சயம். கோப்பை இருந்த இடத்தில் இருக்கும். என் பெயரும் இருந்த இடத்தில் இருக்கும். ரெண்டு நாளாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததும் அந்தச் சொல்லைத்தான், மறைப்பானேன். பையனைக் காப்பாற்றத்தானே சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் வளன் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தான். யாரும் கூப்பிடாமல், யாரும் பிடிக்காமல், தன் வேலையையும் பேரையும் தானே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு நிற்கிறான். அந்தப் பயலுக்கு இருக்கிற நெஞ்சுரத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் பதிமூன்று நாள் முன்னாலேயே பேசியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

"நான் பாக்கல அண்ணாச்சி" என்றேன். "புளியங்கொட்ட கீழ விழுந்துட்டு. அதக் குனிஞ்சு பாத்தேன். காலப் பாக்கவே இல்ல. அசன் கேட்டப்ப, பாத்தேன்னு பொய் சொன்னேன்."

அசன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பம் குத்தம்னு ஆயிட்டு. பதினாலாவது விதி இருக்கு. பயலுக்கு ஆயுள் தடை, எழுதும். ஒமக்கு என்ன, கவனக்குறைவு. மனுசனுக்கு வாறதுதான்."

"கொட்டையப் பாத்தது கவனக்குறைவு" என்றார் பாத்திமா. "பாத்தேன்னு சொன்னது? வேலியே பயிர மேஞ்சிருக்கு அண்ணாச்சி. இன்னொண்ணும் சொல்லுதேன். தானா வந்து சொன்னவனுக்கு ஆயுள் தடைன்னா, இனி தப்புப் பண்ணுன எவனாவது இந்தப் படி ஏறுவானா? வாயத் தொறக்காதவன் ஆடிக்கிட்டே இருப்பான்."

"விதின்னா விதிதான?"

"விதி எழுதுனவரே பக்கத்துல இருக்காரு. அவரக் கேளுங்க."

எனக்கு எப்போதும் வாய் நீளம் என்றேன் அல்லவா? அன்று நாக்கு அசையவில்லை. வளன்தான் பேசினான். "ஆயுள் தடையே போடுங்க. நான் அதுக்குத் துணிஞ்சுதான் வந்தேன்."

பாத்திமா அசன் பக்கம் திரும்பினார். "அடிபட்டது நீங்க. நீங்க சொல்லுங்க காக்கா." மேலப்பாளையத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

அசன் எழுந்து வளனிடம் போனார். ஐந்து தோல்விக்கும் ஆறாவது தோல்விக்கும் சேர்த்து ஒன்று விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கால உள்ள வச்சிருந்தாலும் அந்தப் பந்து அப்பிடித் திரும்பியிருக்குமா தம்பி?"

வளன் யோசித்தான். முதல் தடவையாக அவன் கண் கலங்கியது. "தெரியல அண்ணாச்சி. சத்தியமாத் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் அசன். "பதிமூணு நாளா சவாரி ஓட்டும்போதும் அந்தப் பந்துதான் கண்ணுக்குள்ள நிக்கி. நல்ல பந்துக்கு அவுட்டானேன்னு ஒரு நிம்மதியாவது இருந்து. அதையும் இவன் இன்னைக்குப் புடுங்கிட்டான். ஆயுள் தடை போட்டா எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு வருசம் வெளிய இருக்கட்டும். பொறவு வந்து, கோட்டுக்கு உள்ள கால வச்சு, அதே பந்த எனக்குப் போடணும்."

"ஒமக்கு அப்ப நாப்பது வயசு வே" என்றார் அண்ணாச்சி.

"முட்டிக்கு எண்ணெ போட்டுக்கிடுதேன்."

"கோப்பை?" என்று பாத்திமா கேட்டார்.

"இப்பிடி வேண்டாம் டீச்சர். ஆடி வாங்கிக்கிடுதோம், இன்ஷா அல்லா."

ரெண்டு வருஷம் என்றால் ரயில்வே இல்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். வளன் கையைக் கூப்பினான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்ததை நான் கண்ணால் கண்டேன். என்ன பிள்ளைகளைப் பெற்றிருக்கிறார்கள் என்று மனசு நிறைந்தது. மேலப்பாளையத்து ஆட்டோக்காரரையும் உவரிப் பையனையும் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அப்பம் நம்ம நேசையாவுக்கு?" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கேட்டார். ஏதோ ஒரு மாதம், ரெண்டு மாதம் என்று சொல்லிக் கலைந்துவிடலாம் என்ற சிரிப்பு.

அசன் சிரிக்கவில்லை. "ஆயுள்" என்றார்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன வே பேசுதீரு? காசு வாங்குன பயலுக்கு ரெண்டு வருசம், ஒரு பைசா தொடாத மனுசனுக்கு ஆயுளா? முப்பத்தோரு வருசம் வெயில்ல நின்ன ஆளு வே!"

"அதுக்குத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. இவன் பந்து போடுதவன். தப்பாப் போட்டான்னா சொல்லதுக்கு ஒரு ஆளு பக்கத்துல நிக்காரு. அந்த ஆளு பொய் சொன்னா நாங்க யார்கிட்டப் போவோம்? முப்பத்தோரு வருசமா இவுக வார்த்தைய நம்பி எத்தன பேரு மட்டையக் கக்கத்துல வச்சுக்கிட்டு எறங்கிப் போயிருக்கோம். இனி எவன் போவான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது சார். உங்க மேல மரியாத இருக்கு. உங்கள அம்பயரா வச்சு இனி என்னால ஆட முடியாது."

எனக்கு அழுகை வந்தது. கோபம் வரவில்லை; என் சுபாவத்துக்கு அது அதிசயம். அவர் சொன்னதில் எந்த இடத்தைப் பிடித்து மறுப்பது? நானே அந்த விதியை எழுதினேன். தெரிந்தே என்று எழுதினேன், எவராயினும் என்று எழுதினேன். எழுதும்போது பந்து போடுகிறவனும் மட்டை பிடிக்கிறவனும் மட்டும்தான் என் கண்ணில் நின்றார்கள். அம்பயர் நினைவுக்கே வரவில்லை.

"அவரு சொல்லது சரி அண்ணாச்சி. உக்காரும்" என்றேன்.

தீர்மானத்தை நானே எழுதினேன், செயலாளர் இல்லையா? வளனுக்கு ரெண்டு ஆண்டு. பந்தயக்காரனின் நம்பரைப் போலீசில் கொடுப்பது. கோப்பை இந்த வருஷம் யாருக்கும் இல்லை. நேசையாவுக்கு ஆயுள். பாத்திமா வாங்கிப் படித்துவிட்டு, ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டார்.

கீழே இறங்கி வந்தபோது உச்சி வெயில். அசன் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "ஏறுங்க சார், வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார். பின் இருக்கையில் வளன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பஸ் ஸ்டாண்டில் விடப் போகிறாராம். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான், ஆட்டோவில் எழ முடியவில்லை. பைய நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.